பசுந்தேயிலைக் கணக்கு மென்பொருளில் டேபிளுக்கும் வேரியபிளுக்கும் பெயர் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கம் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏஜென்டுகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுப் பெயர்களை வாசிக்க வசதியாகத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம்; கோடில் அவை ஆங்கில எழுத்தில்தான் வரும். ஏன் என்பதற்கு கீழே தனிக் கேள்வி உண்டு. டேபிளின் நெட்டுக்கட்டத்தை இங்கே 'ஃபீல்டு' என்றே சொல்கிறோம். 'காலம்' என்று எழுதினால் பாதிப் பேர் நேரம் என்று படித்துவிடுகிறார்கள்.

பெயர் எதுவானால் என்ன? கணக்கு சரியாக வந்தால் போதாதா?

கணக்கு தப்பாக வருவதே பல இடங்களில் பெயரால்தான். 'வெயிட்' என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேகரிப்பு மையத்தில் ஒரு சாக்கு இலை தராசில் ஏறுகிறது, 31.4 கிலோ காட்டுகிறது. சாக்கின் எடை 0.4 கிலோ போனால் 31.0. மழை நாள், ஈரத்துக்கு 8 சதவீதம் கழிக்கிறார்கள் என்றால் 2.48 கிலோ போய் 28.52 நிற்கும். இதில் எது 'வெயிட்'? தராசிலிருந்து எண்ணை வாங்கும் ஆப் எழுதியவர் 31.4 என்பார். சாக்கைக் கழித்தவர் 31.0 என்பார். பில் போடுபவருக்கு 28.52 வேண்டும். கிலோவுக்கு 20 ரூபாய் என்று கொண்டால் மூன்றும் 628, 620, 570.40 ரூபாய் ஆகின்றன. ஒரு சாக்குக்கே இவ்வளவு வித்தியாசம்.

'கிராஸ்_கேஜி' (தராசு காட்டியது), 'டேர்_கேஜி' (சாக்கு), 'வாட்டர்_டிடக்ட்_கேஜி' (ஈரக் கழிவு), 'நெட்_கேஜி' (நிகர எடை) என்று நான்கு ஃபீல்டு வையுங்கள். வெறும் 'வெயிட்' எந்த டேபிளிலும் வேண்டாம்.

சதவீதத்தில் இன்னும் ஒரு குழி இருக்கிறது. 'டிடக்ஷன்' என்று பெயர் வைத்தால் ஒருவர் 8 என்று போடுவார், இன்னொருவர் 0.08 என்று போடுவார். 0.08-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 8 வந்தால் நிகர எடை மைனஸ் 217 கிலோ ஆகும். அன்று மாலையே யாராவது கூப்பிடுவார்கள். 8-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 0.08 வந்தால்தான் வம்பு. 31 கிலோவில் வெறும் 25 கிராம் கழியும். பில் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், மாதக் கடைசியில் தொழிற்சாலைக் கணக்கு இடிக்கும். 8 வருவதானால் 'வாட்டர்_டிடக்ட்_பெர்சென்ட்', 0.08 வருவதானால் 'வாட்டர்_டிடக்ட்_ரேஷியோ'. இரண்டில் ஒன்றை முடிவு செய்து, 'பெர்சென்ட்' என்றால் 1-க்கும் 50-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும், கழிவே இல்லையென்றால் 0 மட்டும் செல்லும் என்பது போல ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்டும் போட்டுவிடுங்கள்.

அலகைப் பெயரின் எந்த இடத்தில் எழுதுவது?

கடைசியில். 'நெட்_கேஜி', 'டிரைவ்_மினிட்ஸ்', 'அமவுண்ட்_பைசா'. பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைப்பதா, ரூபாயாக நியூமெரிக் வகையில் வைப்பதா என்பது உங்கள் விருப்பம். எதுவானாலும் பெயரில் தெரியட்டும். தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகை மட்டும் வேண்டாம். விகிதங்களுக்கு இரண்டு அலகும் வரவேண்டும்: 'ரேட்_பைசா_பெர்_கேஜி'. நீளம்தான், ஆனால் அதைப் படித்த பிறகு யாரும் நூறால் பெருக்க மறக்க மாட்டார்கள்.

நிலப்பரப்பில் மலைப்பகுதிக்கே உரிய ஒரு தப்பு நடக்கிறது. விவசாயி 'ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட்' என்பார். பதிபவர் 'ஏரியா' ஃபீல்டில் 1.5 என்று அடிப்பார். அது ஒன்றரை ஏக்கர், அதாவது 150 சென்ட்; இருக்கவேண்டியது 1.05. பட்டாவைப் பார்த்து அடிப்பவர் ஹெக்டேர் கணக்கில் அடிப்பார், அது வேறு அளவு. 'ஏரியா_சென்ட்' என்று ஒரே முழு எண் ஃபீல்டு வைத்து 105 என்று வாங்குங்கள். பட்டா அளவையும் வைத்திருக்க வேண்டுமானால் 'பட்டா_ஏரியா_ஹெக்டேர்' என்று தனியாக.

விவசாயி பெயருக்கு 'ஃபர்ஸ்ட்_நேம்', 'லாஸ்ட்_நேம்' வைக்கலாமா?

வேண்டாம். வெளியூர் டெம்ப்ளேட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதால் வருவது இது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'லாஸ்ட்_நேம்' கட்டாயம் என்று ஃபார்ம் கேட்டால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் 'ஜே' என்று போடுவார், இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். பிறகு அகர வரிசைப்படி அடுக்கினால் பட்டியல் கந்தல்.

'ஃபுல்_நேம்', 'இனிஷியல்', 'ஃபாதர்_ஆர்_ஸ்பவுஸ்_நேம்', 'ஹட்டி_ஐடி' என்று வையுங்கள். ஒரே ஹட்டியில் (படுகர் குடியிருப்பு) ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பது சாதாரணம் என்பதால் பெயரை ஒருபோதும் சாவியாக (ஒரு வரியை அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வைக்கக் கூடாது. பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கு 'பாஸ்புக்_நோ' என்று தனி ஃபீல்டு, அதற்கு, ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு.

இதே இடத்தில் 'பேங்க்_நேம்' என்றொரு ஃபீல்டும் வழக்கமாக உட்கார்ந்திருக்கும். அது வங்கியின் பெயரா, வங்கிக் கணக்கில் இருக்கும் ஆளின் பெயரா? இலை அப்பா பெயரில் வரும், பணம் மகன் கணக்குக்குப் போகும்; அதனால் இரண்டும் தேவை. 'பேங்க்_பிராஞ்ச்_நேம்', 'அக்கவுண்ட்_ஹோல்டர்_நேம்'.

டேபிள் பெயர் ஒருமையா, பன்மையா?

எதுவானாலும் எல்லா டேபிளுக்கும் ஒன்றாக இருந்தால் சரி. ஃப்ரேம்வொர்க்குகளில் ரெயில்ஸும் லாரவேலும் பன்மையை எதிர்பார்க்கும். ஜாங்கோ ஆப் பெயரையும் மாடல் பெயரையும் கீழ்க்கோடு போட்டு ஒட்டி ஒருமையிலேயே வைத்துக்கொள்ளும். ஃப்ரேம்வொர்க் சொல்வதை மீறி இழுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. ஃப்ரேம்வொர்க் இல்லாவிட்டால் எங்கள் ஓட்டு ஒருமைக்கு. காரணம் இலைதான்: 'லீஃப்' பன்மையில் 'லீவ்ஸ்' ஆகும், ஊழியர் விடுப்பு டேபிளும் 'லீவ்ஸ்' என்றுதான் வரும்.

எழுத்து வடிவம்: ஸ்நேக் கேஸா, கேமல் கேஸா?

டேட்டாபேஸில் சிறிய எழுத்தும் கீழ்க்கோடும், அதாவது ஸ்நேக் கேஸ். கோடில் அந்தந்த மொழியின் வழக்கம். பைதானில் வேரியபிளும் ஃபங்ஷனும் ஸ்நேக் கேஸ், கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் கேமல் கேஸ், அதாவது கீழ்க்கோடு இல்லாமல் அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது.

டேட்டாபேஸில் இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை. மேற்கோள் குறி போடாத பெயரைப் போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக மாற்றிவிடும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். ஏதோ ஒரு டூல் மேற்கோள் குறிக்குள் கேமல் கேஸில் 'குரோவர்ஐடி' என்று ஃபீல்டை உருவாக்கிவிட்டால், அதன்பின் எழுதும் ஒவ்வொரு வினவலிலும் அந்த மேற்கோள் குறியைப் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் 'அப்படி ஒரு ஃபீல்டு இல்லை' என்று வரும். கண்ணால் பார்த்தால் ஃபீல்டு அங்கேதான் இருக்கும்.

மைஎஸ்க்யூஎல் கதை வேறு. அதில் டேபிள் பெயரின் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு, ஓடும் இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் லேப்டாப்பில் வேறுபாடு பார்க்காது, லினக்ஸ் சர்வரில் பார்க்கும். குன்னூரில் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது சர்வரில் ஏற்றியதும் 'டேபிள் இல்லை' என்று நிற்பது இதனால்தான். அந்த நடத்தையை மாற்ற ஒரு செட்டிங் உண்டு. ஆனால் 8.0-இலிருந்து அதைச் சர்வரை முதலில் அமைக்கும்போது மட்டுமே தீர்மானிக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. எல்லாப் பெயரும் சிறிய எழுத்தாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எந்தப் பெயர்களைத் தொடவே கூடாது?

டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் ஒதுக்கிவைத்திருக்கும் சொற்களை. 'ஆர்டர்', 'குரூப்', 'டேபிள்' என்று பெயர் வைத்தால் பிழை வந்துவிடும், அதனால் கவலை இல்லை. பிழை வராதவைதான் ஆபத்து. போஸ்ட்கிரெஸில் 'யூசர்' என்ற டேபிளிலிருந்து மேற்கோள் குறி இல்லாமல் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள்: பிழை காட்டாமல், இப்போது லாகின் ஆகியிருக்கும் டேட்டாபேஸ் பயனரின் பெயரை ஒரே வரியில் தரும். டேபிளில் ஐநூறு பேர் இருக்க ஒருவர்தான் வருகிறார் என்று கோடு முழுவதையும் துழாவுவீர்கள். 'ஆப்_யூசர்' அல்லது 'ஸ்டாஃப்' என்று வையுங்கள்.

சொற்பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் 'ரேங்க்', 'குரூப்ஸ்' இரண்டும் ஒதுக்கப்பட்டன. விவசாயிக் குழுக்களுக்கு 'குரூப்ஸ்' என்று டேபிள் வைத்திருந்தவர்களுக்கு அப்கிரேடில் அடி விழுந்திருக்கும். இரண்டு சொல் சேர்ந்த பெயர், 'குரோவர்_குரூப்' போல, பெரும்பாலும் இந்த வம்பில் மாட்டாது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வைக்க முடியும். வைக்கலாமா என்பது எந்த மொழி, எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது. பைதான் 3-இல் 'இலை_எடை' செல்லுபடியாகும் வேரியபிள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் செல்லும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎலும் மேற்கோள் குறி இல்லாமலே ஏற்கும். சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

முதலாவது நீளம். போஸ்ட்கிரெஸ் ஒரு பெயருக்கு 63 பைட் தருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ஆக மொத்தம் 21 குறியீடுதான் கிடைக்கும். 'பசுந்தேயிலை_கொள்முதல்_எடை' என்பதை எண்ணிப் பாருங்கள்: 11, 9, 3 என்று 23 தமிழ்க் குறியீடு, இரண்டு கீழ்க்கோடு, மொத்தம் 71 பைட். போஸ்ட்கிரெஸ் ஒரு சின்ன அறிவிப்போடு வாலை வெட்டி 'பசுந்தேயிலை_கொள்முதல்_' என்று வைத்துக்கொள்ளும். அடுத்த ஃபீல்டு 'பசுந்தேயிலை_கொள்முதல்_விலை' என்றால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, 'ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது' என்று டேபிளே உருவாகாது. மைஎஸ்க்யூஎல் 64 என்பதைப் பைட்டில் எண்ணாமல் எழுத்தில் எண்ணுவதால் அங்கே இது ஓடிவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தெரியும் சேதி.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை. 'கொ' என்பதைக் க-வும் ஒற்றை ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் 'கொழுந்து' என்றே தெரியும். பைதான் வேரியபிள் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அதே சொல் டிக்ஷனரியின் சாவியாகவோ ஸ்ட்ரிங்காகவோ வந்தால் மாற்றாது. ஜாவாஸ்கிரிப்டும் போஸ்ட்கிரெஸும் எங்கேயும் மாற்றுவதில்லை, அவற்றுக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிய இடங்களில் இது வரலாம். எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் 'ஔ' போட வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் அடித்ததையோ, காலுக்குப் பதில் 'ர' அடித்ததையோ, இடையில் நுழைந்த கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியையோ எந்த வடிவமாற்றமும் சரிசெய்யாது.

மூன்றாவது, கோ (Go) என்ற புரோகிராமிங் மொழி. அதில் பெயரில் எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் மட்டும் வரலாம். சார்ந்து வரும் குறிகளுக்கு இடமில்லை. புள்ளியும் கொம்பும் அந்த வகை என்பதால் 'இலை' என்ற சொல்லையே அது ஏற்காது. உயிரும் அகரமேறிய மெய்யும் மட்டும் கொண்ட சொல்லாகத் தேடிப் பிடித்தாலும், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்தான் பேக்கேஜுக்கு வெளியே தெரியும் என்பது அதன் விதி. தமிழில் பெரிய எழுத்து ஏது?

ஆகவே எங்கள் நிலை: பயிற்சிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் தமிழ்ப் பெயர் அருமையானது, தாராளமாக வையுங்கள். பில் போடும் மென்பொருளில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். விவசாயி பார்க்கும் திரையிலும் ரசீதிலும் முழுக்கத் தமிழ் இருக்கட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அப்படியானால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதலாமா?

ஆங்கிலத்தில் சரியான சொல் இருந்தால் அதையே வையுங்கள். 'தோட்டம்' என்பதை முதலெழுத்தில் 'டி' மட்டும் போட்டு எழுதுபவர் உண்டு, 'எச்' சேர்ப்பவர் உண்டு, நடுவில் 'டி' ஒன்று போடுபவரும் இரண்டு போடுபவரும் உண்டு. ஒரே குழுவில் நான்கு பேர் இருந்தால் நான்கு தோட்டம் முளைக்கும்.

விதிவிலக்கு, ஆங்கிலத்தில் கொண்டுபோனால் பொருள் மாறிவிடும் சொற்கள். 'பட்டா', 'ஹட்டி' போன்றவை. ஹட்டியை 'வில்லேஜ்' என்று மொழிபெயர்த்தால் வருவாய்க் கிராமத்தோடு குழம்பும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள் இருக்கும். இப்படிப்பட்ட சொற்களை மட்டும் ஒரு சொற்பட்டியலில் எழுத்துக்கூட்டலோடு எழுதி, கோடு இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகாது.

தாலுகாவுக்கு ஒரு டேபிள், ஆண்டுக்கு ஒரு டேபிள் என்று வைக்கலாமா?

கூடாது. 'லீஃப்_கோத்தகிரி', 'லீஃப்_2024' என்று டேபிள் பெயருக்குள் ஊரும் ஆண்டும் வந்தால், தகவல் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டது என்று அர்த்தம். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகாவுக்கும் சேர்த்து மாவட்டக் கணக்கு கேட்டால் ஆறையும் ஒட்டவேண்டி வரும். அதில் ஒன்றில் யாரோ ஒரு ஃபீல்டைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார். ஊருக்கு 'தாலுகா_ஐடி' ஃபீல்டு, நாளுக்குத் தேதி ஃபீல்டு. வரிகள் பெருகி வேகம் குறைந்தால் ஒரே டேபிளை உள்ளுக்குள் துண்டுகளாகப் பிரித்துவைக்கும் பார்ட்டிஷன் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர் என்பது கணினிக்குத் தெரியாது என்பதால் ஊர்ப் பெயரை டைப் செய்யவிடாமல் பட்டியலிலிருந்து எடுக்க வையுங்கள்.

குன்னூர் தேயிலை ஏலத்துக்கும் இதே எச்சரிக்கை. வாராந்தர ஏல எண் ஆண்டுக்கு ஆண்டு மறுபடி 1-இல் தொடங்கும். 'சேல்_நோ' மட்டும் சாவியாக இருந்தால் அடுத்த ஜனவரியில் உடையும். 'சேல்_இயர்', 'சேல்_நோ' இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஏலம்.

தேதி, நேர ஃபீல்டுகளுக்கு?

'டேட்', 'டைம்' வேண்டாம். எது நடந்த நேரம் என்பது பெயரில் வரவேண்டும். பள்ளத்தாக்கில் இருக்கும் சேகரிப்பு மையத்தில் சிக்னல் இருக்காது. டேப்லெட்டில் காலை பத்தரைக்குப் போட்ட எடை, வண்டி மேலே ஏறி சிக்னல் கிடைத்த பிறகு இரவு சர்வருக்கு வரும், சில நாள் மறுநாள் வரும். 'கிரியேட்டட்_அட்' என்று ஒன்றே ஒன்று இருந்தால் அது சர்வருக்கு வந்த நேரமாகிவிடும். 31-ஆம் தேதி எடுத்த இலை அடுத்த மாதக் கணக்கில் விழும். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் விவசாயிக்குப் பணமும் மாறும்.

'வெய்ட்_அட்' எடை போட்ட நேரம், 'சிங்க்ட்_அட்' சர்வருக்கு வந்த நேரம். பில் எப்போதும் முதலாவதை வைத்து. நேரம் சேர்ந்த ஃபீல்டுக்கு 'அட்', தேதி மட்டும் உள்ளதற்கு 'ஆன்' என்று முடியுங்கள்: 'பெய்ட்_ஆன்'. நேர மண்டலத்தோடு சேமிக்கும் வகையையே பயன்படுத்துங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம், காலை ஐந்தரைக்கு முன் நடப்பதெல்லாம் அங்கே முந்தின நாள்.

முதன்மைச் சாவிக்கு 'ஐடி' போதுமா, 'குரோவர்_ஐடி' வேண்டுமா?

'குரோவர்' டேபிளிலும் 'குரோவர்_ஐடி', அதைச் சுட்டும் டேபிளிலும் 'குரோவர்_ஐடி' என்று இருந்தால் இணைக்கும்போது எது எதோடு சேர்கிறது என்று யோசிக்க வேண்டாம். ஃப்ரேம்வொர்க் வெறும் 'ஐடி' கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் நேச்சுரல் ஜாயின் பக்கம் மட்டும் போகாதீர்கள். பெயர் ஒத்துப்போகும் எல்லா ஃபீல்டையும் அது இணைத்துவிடும். இரண்டு டேபிளிலும் 'ஐடி'யும் 'கிரியேட்டட்_அட்'டும் இருந்தால் பிழையே இல்லாமல் பூஜ்யம் வரி வரும்.

ஆம்/இல்லை ஃபீல்டுகள்?

'இஸ்_ஆக்டிவ்', 'ஹேஸ்_பட்டா' போல. 'இஸ்_நாட்_பெய்ட்' போன்ற எதிர்மறை வேண்டாம். 'ஸ்டேட்டஸ்' என்ற பெயரில் 0, 1, 2 என்று போட்டு அர்த்தத்தை ஒருவர் தலைக்குள் வைத்திருப்பது எல்லாவற்றையும்விட மோசம்.

வேரியபிள் பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

எவ்வளவு தூரம் வாழ்கிறதோ அவ்வளவு. மூன்று வரி லூப்புக்கு ஒற்றை எழுத்து போதும். ஃபைல் முழுக்க வரும் வேரியபிளுக்கு முழுப் பெயர். ஸ்ட்ரிங்குக்கு 'எஸ்டிஆர்', எண்ணுக்கு 'இன்ட்' என்று வகையை முன்னால் ஒட்டும் பழக்கம் வேண்டாம், வகையை எடிட்டரே காட்டும். 'ரா' என்று தொடங்கினால் தராசிலிருந்து வந்தபடியே இருப்பது, 'கிளீன்' என்று தொடங்கினால் சரிபார்த்தது என்பது போல, கம்பைலருக்குத் தெரியாத ஒன்றை முன்னொட்டில் சொல்வது பயனுள்ளது.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் பெயரை எப்படி மாற்றுவது?

ஒரே இரவில் மாற்றக் கூடாது, முக்கியமாகப் பில் போடும் வாரத்தில். 'வெயிட்'டை 'நெட்_கேஜி' ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் 'நெட்_கேஜி'யைப் புதிய ஃபீல்டாகச் சேருங்கள், காலியாக இருக்கலாம் என்ற அனுமதியோடு. அடுத்து, எழுதும் கோடு இரண்டிலும் எழுதட்டும். டேப்லெட்டில் பழைய ஆப் இருக்கும்வரை டிரிகர் (வரி எழுதப்படும்போது தானாக ஓடுவது) ஒன்று வைத்துப் பழையதிலிருந்து புதியதுக்கு நகலெடுக்கலாம். பிறகு பழைய வரிகளை ஐயாயிரம் ஐயாயிரமாக நிரப்புங்கள், மொத்தமாக அடித்தால் டேபிள் பூட்டிக்கொள்ளும். இரண்டு ஃபீல்டின் கூட்டுத்தொகையையும் மையவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த இடத்தில்தான் சில மையங்கள் 'வெயிட்'டில் சாக்கோடு எழுதிவந்தது வெளியே வரும். அதன்பின், படிக்கும் கோடு புதியதிலிருந்து படிக்கும்படி மாற்றுங்கள்.

நேரடியாகப் பெயரை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தினால் இரண்டு விஷயம் கவனம். போஸ்ட்கிரெஸில் வியூக்கள் (பெயரிட்டுச் சேமித்த வினவல்கள்) புதுப் பெயரைத் தாமே பிடித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸின் உள்மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎலில் எழுதிய ஃபங்ஷனின் உடல் வெறும் உரையாகச் சேமிக்கப்படுவதால் பழைய பெயரையே தேடி, கூப்பிடும்போதுதான் விழும். மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில் ஃபீல்டு பெயரை மாற்ற 'சேஞ்ச்' கட்டளைதான் உண்டு. அதில் வகையோடு, காலியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் இயல்பு மதிப்பையும் மறுபடி முழுக்க எழுதவேண்டும். எழுதாமல் விட்டது போய்விடும்.

பழைய ஃபீல்டை இரண்டு மாத பில் புதுப் பெயரில் ஓடி, கடைசி டேப்லெட்டும் புது ஆப்புக்கு வந்தபிறகு நீக்குங்கள். நீக்குவதற்கு ஒரு வாரம் முன்பு அதன் பெயரை 'வெயிட்_டிராப்_சூன்' என்று மாற்றிப் பாருங்கள். யாருடைய ரிப்போர்ட்டாவது உடைந்தால் பெயரைத் திருப்பி வைப்பது ஒரு வரி வேலை.